கேட்காமல் போட்ட செய்தி

எங்கள் பத்திரிகை ஆசிரியருக்கு ஆபீசில் ‘கத்தரி’ என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவருக்குத் தெரியாமலும் இல்லை. ஒருநாள் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, “கத்தரி இன்னும் வரலைன்னு யாரோ நிம்மதியா பேசிட்டு இருந்தீங்களே, வந்தாச்சு. பக்கத்தைக் காட்டும்மா” என்றார். நான் தரையைப் பார்த்தேன், அவர் பக்கத்தைப் பார்த்தார். அன்றைக்கு என் பக்கத்தில் இருந்த செய்திகளெல்லாம் முழுக்கைச் சட்டை அரைக்கை ஆனதுபோல் ஆகிவிட்டன.

அந்த ஆபீசில் மெய்ப்புத் திருத்துகிறவராக நுழைந்தவர் அவர். பிறகு நிருபர், பிறகு செய்தி ஆசிரியர், கடைசியில் ஆசிரியர். ‘படிப்படியாக உயர்ந்தார்’ என்று நான் எழுதினால் விடமாட்டார். “படியில ஏறாம பறந்தா வந்தேன்? ‘உயர்ந்தார்’னு போடு, போதும்” என்பார். ஒரு வார்த்தை கூடுதலாக இருந்தால் அவருக்குச் சட்டைக்குள் எறும்பு புகுந்த மாதிரி. வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி சொல்வார். “நான் ஒரு விஷயத்தை ஆரம்பிச்சா, ‘முடிவைச் சொல்லு’ங்கிறார். முடிவைச் சொல்லிட்டா எழுந்து போயிடுறார். குடும்பம் நடத்துறதா, தந்தி அடிக்கிறதா?” என்று என்னிடம் ஒருமுறை கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை.

எங்களுடையது மாலைப் பத்திரிகை. காலையில் ஊரில் நடந்ததை மதியத்துக்குள் அச்சேற்றி, வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். அதனால் காலை வேளையில் அந்த நீள அறையில் யாரும் யாரோடும் பேசிக்கொண்டதில்லை, கத்திக்கொண்டதுதான். மின்விசிறிக்குத் தாள் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு கனமான சாமான் வைத்திருந்தோம். என்னிடம் ஒரு பழைய பூட்டு. விளையாட்டுச் செய்தி பார்க்கிறவரிடம் உடைந்த இஸ்திரிப் பெட்டியின் அடித்தகடு. கத்தரி மட்டும் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. அவர் மேசைக்கு வரும் தாள், பறக்கிற அளவுக்கு அங்கே தங்காது.

வெட்டுவதற்கு எங்கள் தொழிலில் ஒரு முறை உண்டு. முக்கியமான விஷயத்தை மேலே எழுதுவோம், மற்றதைக் கீழே. இடம் போதாமல் போனால் கீழேயிருந்து வெட்டிக்கொண்டு போகலாம், யோசிக்க வேண்டியதில்லை. யார்மேல் புகாரோ அந்த ஆளின் பதில் எப்போதும் கடைசியில்தான் வரும். ‘இதுபற்றி அவரிடம் கேட்டபோது’ என்று தொடங்கும் அந்தப் பத்திக்கு எங்கள் அறையில் ‘பாவப்பட்ட பத்தி’ என்று பெயர். விளம்பரம் தாமதமாக வந்தால் முதலில் காணாமல் போவது அதுதான். அந்த ஆள் என்ன சொன்னார் என்று ஊருக்குத் தெரியாமலே போய்விடும். இதை யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததில்லை. தினமும் செய்தோம் என்பதுதான் விஷயம்.

இவ்வளவு சுருக்கமான மனிதருக்கு ஒரே ஒரு பேச்சில் மட்டும் வாய் நீளும். அது அக்கா பேச்சு. அம்மா சீக்கிரம் போய்விட்டதால் அக்காதான் தலைசீவி, பொத்தான் தைத்து, அவரை ஆளாக்கினார். கல்யாணமாகிப் போகும்போது தம்பியையும் கையோடு கூட்டிப் போனார். அத்தான் முகம் சுளிக்கவில்லை. அவர் நகராட்சியின் குடிநீர்ப் பிரிவில் வேலை பார்த்தார். இவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எதிர்க்கடைப் பலகையில் இருக்கும் எழுத்துப் பிழையைச் சொல்வாராம். “இவனுக்கு வேற எங்க வேலை கிடைக்கும்” என்று அத்தான்தான் சைக்கிளில் பின்னால் உட்காரவைத்து எங்கள் ஆபீசுக்குக் கூட்டிவந்தார். இதைச் சொல்லும்போது கத்தரி ஒரு வரியையும் வெட்டாமல் சொல்வார்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், நகரத்தின் கீழ்ப் பகுதியில் வாந்திபேதி பரவியது. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் போட்டுப் படுக்கவைத்திருந்தார்கள். தண்ணீர்த் தொட்டியில் குளோரின் போடவில்லை என்று நகராட்சி அதிகாரி ஒருவர் எங்கள் நகர நிருபரிடம் சொன்னார். போட வேண்டிய பொறுப்பு அந்தப் பகுதியின் மேற்பார்வையாளருக்கு. அந்த மேற்பார்வையாளர் வேறு யாருமில்லை, கத்தரியின் அத்தான்.

நிருபர் நல்லவர். நேரே போய் அவரிடமும் கேட்டுவிட்டுத்தான் வந்தார். ‘குளோரின் தீர்ந்துபோய்ப் பல வாரங்கள் ஆகின்றன. அனுப்பச் சொல்லித் திரும்பத் திரும்ப எழுதினேன். பதில் இல்லை. கையில் இல்லாததை எப்படிப் போடுவது?’ என்பதுதான் மேற்பார்வையாளரின் பதில். வழக்கப்படி அது கடைசிப் பத்தியில் உட்கார்ந்தது. செய்தி முதல் பக்கத்தில் ஏறியது. அப்போது கத்தரி செய்தி ஆசிரியர். பக்கத்தை முடிக்கிற அதிகாரம் அவருடையது. அவர் மேசையில் போன் இருந்தது. அக்கா வீட்டு எண்ணைச் சுழற்ற ஒரு நிமிஷம் ஆகியிருக்காது. அவர் சுழற்றவில்லை. “சொந்தக்காரனாச்சேன்னு பேசினேன்னு நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான்” என்று யாரும் கேட்காமலே சொன்னார்.

பக்கம் முடிகிற நேரத்தில் விளம்பரப் பிரிவு மேலாளர் மூச்சு வாங்க ஓடிவந்தார். கட்டில் கடை விளம்பரம், முதல் பக்கத்தின் அடியில் போட்டே ஆக வேண்டுமாம். ஒரு ஆள் புதுக் கட்டிலில் படுத்துக்கொண்டு பல்லைக் காட்டுகிற படம். கத்தரி சிவப்புப் பேனாவை எடுத்து, கீழேயிருந்து ஒரு கோடு போட்டார். நிருபர் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

“சார், அது அவர் சொன்னது சார்.”

“தெரியும்யா. வேற யாராவதா இருந்தா நான் வெட்டியிருப்பேனா, மாட்டேனா?”

நிருபர் தலையைச் சொறிந்தார். “வெட்டியிருப்பீங்க.”

“அப்ப வெட்டு.”

எனக்கு அன்றைக்கு ரொம்பக் கோபம் வந்தது. புதிதாக வந்தவளின் கோபம் யாருக்கு வேண்டும்? ஆனாலும் சொல்கிறேன்: அந்த அறையில் அன்றைக்கு எல்லாரும் அவரைப் பெரிய மனுஷனாகப் பார்த்தார்கள். விளம்பர மேலாளர்கூட ஒரு நொடி நின்று பார்த்துவிட்டுப் போனார். நேர்மை என்பது சொந்தக்காரர்களுக்கு மட்டும் கஷ்டம் கொடுக்கிற சாமான் என்று நாங்கள் அத்தனை பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

அன்று சாயங்காலமே அத்தானைச் சஸ்பெண்ட் செய்தார்கள். மறுநாள் காலையில் யாரோ அவர்கள் வீட்டு வாசலில் ஒரு வாளிச் சாக்கடைத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். தெருவில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். விசாரணை நத்தை மாதிரி ஊர்ந்து, வருஷக்கணக்கில் இழுத்து, கடைசியில் அவர்மேல் தப்பில்லை என்று முடிந்தது. அவர் எழுதிய கோரிக்கைகள் எல்லாம் தலைமை அலுவலகத்தில் பத்திரமாகக் கிடந்திருக்கின்றன. அந்தச் செய்தியும் எங்கள் மேசைக்கு வந்தது. கத்தரி அதை உள்பக்கத்தில், வானிலைக்குக் கீழே, நாலு வரியாகப் போட்டார். முதல் பக்கத்தில் போட்டால் சலுகை காட்டினதாக ஆகிவிடுமாம். அவர் போட்ட கோடு அப்படி நேர்கோடு. நேராகப் போய் வீட்டுச் சுவரில் முட்டிக்கொண்டது.

வெட்டியதற்கு மறுநாளே அவர் அக்கா வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருக்கும், கடமையைச் செய்ததற்கு எதற்கு மன்னிப்பு என்று இருந்துவிட்டார். ஒரு வாரம் போனது, பிறகு ஒரு மாதம் போனது. அதற்குப் பிறகு போக முகமில்லை. இதற்கு நடுவில் முதலாளி அவரை ஆசிரியராக்கினார். யார் வந்தாலும், “சொந்த அக்கா புருஷனையே விடாதவர் எங்க எடிட்டர்” என்று அறிமுகம் செய்வார். முதலில் கத்தரி அடக்கமாகச் சிரித்துக்கொண்டு நிற்பார். சில வருஷங்களில் முதலாளி அந்தப் பேச்சை எடுத்தாலே, “அச்சுக்கூடத்துல கூப்பிடுறாங்க” என்று நழுவ ஆரம்பித்தார். அச்சுக்கூடத்தில் யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

ஆசிரியரான கையோடு அவர் ஒரு உத்தரவு போட்டார். இனிமேல் புகாருக்கு உள்ளானவரின் பதில் இரண்டாம் பத்தியிலேயே வர வேண்டும், அதை வெட்டக் கூடாது. எங்களுக்குத் தலைவலி. செய்தி வேகம் எடுக்கும்போதே ‘இதை அவர் மறுத்தார்’ என்று ஒரு கட்டையைக் குறுக்கே போட்டதுபோல் இருக்கும். ஏன் என்று கேட்டால் காரணம் சொல்ல மாட்டார். புதிதாக வந்த ஒரு பையன் தெரியாமல் பழைய வழக்கப்படி கடைசியில் போட்டுவிட்டான். கத்தரி அவனைத் திட்டிய திட்டில் அவன் வேறு வேலை தேடிக்கொண்டான். காரணம் எனக்குத் தெரியும், நகர நிருபருக்கும் தெரியும். நாங்கள் வாயைத் திறக்கவில்லை.

அக்கா இவரோடு பேச்சை அறுத்துக்கொண்டாலும் இவர் மனைவியோடு அறுத்துக்கொள்ளவில்லை. அக்கா மகளின் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் வந்தது. உறையின்மேல் மனைவியின் பெயர் மட்டும் எழுதியிருந்தது. அவர் போய்விட்டு வந்தார். கத்தரி வாசலிலேயே காத்திருந்து, “எப்படி நடந்துச்சு?” என்று கேட்டாராம். “நல்லா நடந்துச்சு.” “அவ்வளவுதானா?” “முடிவைச் சொன்னாப் போதும்னு நினைச்சேன்” என்றாராம் அந்த அம்மா. அதை என்னிடம் சொன்னபோதும் சிரிக்கவில்லை. பிறகு, போனால் போகிறது என்று, பெண் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள், அத்தான் எப்படி இளைத்துப்போயிருந்தார் என்று எல்லாவற்றையும் சொன்னாராம். இவர் எழுந்து போகாமல் கேட்டாராம்.

கத்தரி ஓய்வு பெறுவதற்கு முந்தின வருஷம் அவர் மனைவி இறந்துபோனார். உடம்பு கிடந்த அறையில் பெண்களோடு பெண்ணாக அக்கா வந்து உட்கார்ந்திருந்தார். கத்தரி வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். ஒவ்வொரு முறையும் அந்த அறை வாசலில் கால் தயங்கும். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார், எழுந்தார், செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போனார். தம்பி இருந்த பக்கம் திரும்பவே இல்லை. அதன்பிறகு அந்த வீட்டுச் செய்தி வருகிற ஒரே வழியும் அடைந்தது. ஊர்ச் செய்தி முழுக்க மேசைக்கு வந்துசேரும் மனிதருக்குத் தன் அக்காவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று தெரியவில்லை. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறுவதில்லை.

அவருக்கு ஓய்வு நாள் வந்தது. பழைய முதலாளி போய், அவருடைய மகன் வந்திருந்த காலம். கடைசி நாள் இதழில் ஆசிரியர் என்ன வேண்டுமானாலும் எழுதலாம் என்று சின்ன முதலாளி தாராளமாகச் சொல்லிவிட்டார். எல்லாரும் ஒரு நீளமான கட்டுரையை எதிர்பார்த்தோம். அவர் ஒரு தாளைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தார். மேலே ‘திருத்தம்’ என்று இருந்தது.

‘பல ஆண்டுகளுக்கு முன் வாந்திபேதி பரவியபோது இந்தப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வெளியான செய்தியில், குடிநீர் மேற்பார்வையாளர் அளித்த பதிலை நான் நீக்கினேன். குளோரின் கேட்டுத் திரும்பத் திரும்ப எழுதியும் தனக்கு அனுப்பப்படவில்லை என்பதே அவர் பதில். அது உண்மை என்று விசாரணையில் தெரிந்த பிறகும் அதை உரிய இடத்தில் நான் வெளியிடவில்லை. அவர் என் அக்காவின் கணவர். அவரிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கிறேன்.’ கீழே அவர் கையெழுத்து. இங்கே நான் விட்டுவிட்ட அத்தானின் முழுப் பெயர், பதவி, அப்போது வேலை பார்த்த பகுதி, சஸ்பெண்ட் ஆன விவரம் எல்லாம் பிசகில்லாமல் எழுதியிருந்தார். அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது.

சின்ன முதலாளி படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். “இத்தனை வருஷம் கழிச்சா சார்? யாருக்கு ஞாபகம் இருக்கப்போகுது?”

“எனக்கு இருக்கு.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தாளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். முதல் பக்கத்தின் நடுவில், கட்டம் கட்டி, பெரிய எழுத்தில் நான்தான் அதை வைத்தேன். வைக்கும்போது, “அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டீங்களா சார்?” என்று கேட்டேன்.

“பேச்சே இல்லையே, எங்க சொல்றது?”

“அக்கா மகள்கிட்டயாவது சொல்லலாமே.”

“வேணாம்மா. அவங்க பேப்பரைப் பிரிச்சுப் பாக்கணும். அப்பதான் தெரியும்” என்றார். அவர் முகத்தில் அப்போது ஒரு வெளிச்சம் இருந்தது. பரிசை முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக்கொண்டு நிற்கிறவர் முகம். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நான் பக்கத்தை முடிக்கப் போனேன்.

வழியனுப்பு விழாவில் எல்லாரும் மாறி மாறிப் பேசினார்கள். அவர் காதில் எதுவும் விழுந்ததாகத் தெரியவில்லை. பத்திரிகை கடைகளுக்குப் போய்விட்டதா என்று மட்டும் இரண்டு தடவை கேட்டார். எல்லாம் முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“நீ கொஞ்சம் கூட வாயேன். அக்கா வீட்டுக்கு.”

“நான் எதுக்கு சார்?”

“நான் தனியாப் போயி அவ கதவைத் திறக்கலைன்னா என்ன பண்றது? உன்னைப் பாத்தா மரியாதைக்காவது திறப்பா.”

செய்தி ஆசிரியர்களை, நிருபர்களை, முதலாளிகளையே நடுங்கவைத்த மனிதர் இப்படி என்னிடம் வந்து நிற்பார் என்று நான் நினைத்ததில்லை. பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். ஆட்டோவில் போகும்போது அவர் மடியில் அன்றைய பத்திரிகை, மடிப்புக் கலையாமல் இருந்தது. தெருமுனைக் கடையில் இரண்டு பேர் அதே பத்திரிகையைத் தூக்கிப் பிடித்துப் படித்துக்கொண்டு நின்றார்கள். அவர் தலையை வெளியே நீட்டிப் பார்த்தார். எனக்கு அவர்மேல் பாவமாகவும் இருந்தது, கொஞ்சம் எரிச்சலாகவும் இருந்தது.

கதவை அக்காவே திறந்தார். நாங்கள் தட்டுவதற்கு முன்னாலேயே திறந்துவிட்டார் என்று சொல்ல வேண்டும். தம்பியின் முகமேதான்; முடி மட்டும் முழுக்க வெளுத்திருந்தது. வழிவிட்டார். உள்ளே சின்னக் கூடம், ஜன்னல் ஓரம் ஒரு தையல் மிஷின், அதன்மேல் போன். அத்தான் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மெலிந்த, அமைதியான ஆள். மேசைமேல் அன்றைய பத்திரிகை விரித்துக் கிடந்தது. வாங்கியது அவர்கள் இல்லை, பக்கத்து வீட்டுக்காரர் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போனார் என்று பிறகு தெரிந்தது. அந்த வீட்டில் பத்திரிகை வாங்குவதை விட்டுப் பல காலம் ஆகிறது.

கத்தரி நின்றபடியே, “பாத்தியாக்கா?” என்றார். சின்னப் பிள்ளை மதிப்பெண் அட்டையை நீட்டுகிற குரல்.

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தார். “பாத்தேன். தெருவே பாத்துருச்சு. சம்பந்தியும் பாத்துட்டார். இப்பத்தான் போனை வெச்சார்.”

“சம்பந்தியா?”

“என் பொண்ணோட மாமனார். உனக்கு எப்படித் தெரியும்? அவங்களுக்கு இந்த சஸ்பெண்ட் விஷயம் தெரியாது. அவங்க அப்ப வேற ஊர்ல இருந்தாங்க. நாங்களும் சொல்லல. எப்படிடா சொல்லுவோம்? தப்பில்லைன்னு முடிஞ்சதை எதுக்குக் கிளறணும்னு விட்டுட்டோம். இன்னைக்கு அவர் கேக்குறாரு, ‘இவ்வளவு பெரிய விஷயத்தை எங்ககிட்ட மறைச்சுத்தான் சம்பந்தம் பண்ணீங்களா’ன்னு. பொண்ணு பின்னால நின்னு அழுறது போன்ல கேக்குது.”

கத்தரியின் கையிலிருந்த பத்திரிகை மெல்லக் கீழே இறங்கியது. “அதுல அத்தான் மேல தப்பே இல்லைன்னுதானேக்கா எழுதியிருக்கேன்” என்றார்.

“யாருடா அதைப் படிக்கிறா? சஸ்பெண்ட்னு ஒரு வார்த்தை இருக்கே, அதைப் படிக்கிறாங்க. இத்தனை வருஷம் பேப்பர்ல இருக்கியே, உனக்கு இது தெரியாதா?”

அவருக்குத் தெரியும். அதைத் தெரிந்துகொண்டு பிழைத்தவர்கள்தானே நாங்கள் எல்லாருமே. நான் உட்கார்ந்த இடத்தில் நெளிந்தேன்.

அக்கா குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருக்கலாம். “அன்னைக்கு இவர் வேலை முடிஞ்சு வந்து செருப்பைக் கழட்டிட்டு இருந்தார். உன் பேப்பர் வந்தா நான்தான் சத்தமா வாசிப்பேன், அது எங்களுக்குப் பழக்கம். அன்னைக்கும் வாசிச்சேன். பாதியிலதான் இது இவரு பேருன்னு மண்டையில ஏறுச்சு. நிறுத்திட்டேன். ‘வாசி, கடைசியில நான் சொன்னது இருக்கும்’னு சொன்னாரு. கடைசியில கட்டில்ல ஒருத்தன் படுத்திருந்தான்.”

அத்தான் கையை அசைத்தார். “விடும்மா.”

“நீங்க சும்மா இருங்க. வெட்டினதுக்குக்கூட நான் கோவப்படலடா. தொழில், என்னவோ அவசரம்னு நினைச்சேன். மறுநாள் வருவேன்னு பாத்தேன். வாசல்ல சாக்கடைத் தண்ணியைக் கழுவிட்டு இருந்தேன், யாரோ சைக்கிள்ல வந்தா நீயோன்னு நிமிந்து பாத்தேன். அதுக்கப்புறம் நிமிந்து பாக்குறதை விட்டுட்டேன்.” அவர் மேசையிலிருந்த பத்திரிகையைத் தட்டினார். “இன்னைக்கு இதைப் போட்டிருக்க. போடுறதுக்கு முன்னாடி எங்களை ஒரு வார்த்தை கேட்டியா? வேணுமா வேண்டாமான்னு? அன்னைக்கும் கேக்காமப் போட்ட. இன்னைக்கும் கேக்காமத்தான் போட்டிருக்க.”

யார்மேல் எழுதினாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று எத்தனை நிருபர்களை அவர் விரட்டியிருக்கிறார். எங்கள் தொழிலின் அரிச்சுவடி அது. குற்றம் சொல்வதற்கு மட்டுமில்லை, மன்னிப்புக் கேட்பதற்கும் அதே விதிதான் என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. கத்தரியின் பதிலுக்காக நான் காத்திருந்தேன்.

“நான் போன் பண்ணுறேன்னுதான் இவ சொன்னா, அந்த நிருபர் வந்துட்டுப் போனதும்” என்றார் அத்தான், அவ்வளவு நேரம் கழித்து. “நான்தான் வேண்டாம்னேன். சிபாரிசு கேக்குற மாதிரி ஆயிடும், அவனுக்குச் சங்கடம்னேன். அவனே பண்ணுவான்னு போன் பக்கத்துல உக்காந்திருந்தேன். அன்னைக்கு வேலைக்குக்கூட லேட்டாத்தான் போனேன்.” அதில் குறை சொல்கிற தொனி இல்லை. அன்றைக்கு நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

கத்தரி அழுதார். சத்தமில்லை; மூக்கை உறிஞ்சினதில்தான் எனக்குத் தெரிந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். ஒருவரும் அவரைத் தேற்றவில்லை.

அப்போது தையல் மிஷின்மேல் இருந்த போன் அடித்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள்.

“சம்பந்திதான்” என்றார் அக்கா. “திரும்பப் பேசுறேன்னு சொன்னாரு. நீயே எடு. எடுத்துச் சொல்லு. எழுதினது நீதானே.”

கத்தரி போய்ப் போன்மேல் கையை வைத்தார். எடுக்கவில்லை. இத்தனை வருஷம் ஒரு போன் அடித்தால் இரண்டாவது மணிக்குள் எடுத்து, ‘சொல்லுங்க’ என்று மட்டும் சொல்கிற மனிதர். அடிக்கிற போனை அப்படியே விட்டுவிட்டு, மறுகையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிப் பக்கம் திரும்பினார்.

“அத்தான், நான் என்ன சொல்லட்டும்?”

அத்தான் நிஜமாகவே யோசித்தார் என்று அவர் நெற்றியைப் பார்த்தால் தெரிந்தது. அதற்குள் போன் அடித்து ஓய்ந்துவிட்டது.

“அன்னைக்கு இதைக் கேட்டிருந்தா எவ்வளவோ சொல்லியிருப்பேன்ப்பா” என்றார். “இப்ப ஒண்ணும் தோண மாட்டேங்குது.”

கத்தரி போன்மேல் வைத்த கையை எடுக்காமல் அங்கேயே நின்றார். அது இன்னொரு தடவை அடிக்கட்டும் என்று காத்திருந்தாரோ, என்னவோ. அடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அக்கா எழுந்து, மேசையில் கிடந்த பத்திரிகையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.